கடல் வற்றும் நேரம்

கெய்யோனில் ஜூலை மாதம்
எட்டரைக்குத்தான் விடியும்.
சில நாள் அதற்கு முன்பே கடல் விலகிவிடும்.
மட்டி தோண்டுகிறவளுக்கு வேண்டியது இரண்டே தகவல்:
எப்போது வற்றும்,
எப்போது திரும்பும்.

துறைமுக அலுவலகத்தில் ஒட்டுகிற தாளை
மழை தின்றுவிடுகிறது.
மீன்கூடத்து எட்டெல்வினா சொன்னாள்,
ஒரு செயலி இருக்கிறது, இலவசம்,
படத்தில் நீல நண்டு.

நண்டு என் இருப்பிடத்தைக் கேட்டது.
எந்தக் கரை என்று தெரிய வேண்டுமே, கொடுத்தேன்.
தொடர்பு எண்களைக் கேட்டது.
ஏனென்று கேட்கவில்லை, கொடுத்தேன்.
பிறகு
எல்லாக் கோப்புகளையும்
பார்க்க, மாற்ற, அழிக்க.

கையில் ரப்பர் உறை, மணல் அப்பியிருந்தது.
மூக்கின் நுனியால் தொட்டேன்:
அனுமதி.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது பழைய கதை.
இது மடத்தையே கேட்டது,
மரியாதையாக,
தயவுசெய்து என்றுகூடப் போட்டு.

பொய் சொல்லக் கூடாது.
நான்கு மாதம்
நண்டு சொன்ன நிமிடத்தில் கடல் விலகியது.
என் கூடை நிறைந்தது.

பேட்டரி மாற்றப் போன இடத்தில்
கடைக்காரர் ரெமிஹியோ ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார்.
நேற்றிலிருந்து இன்றுக்குள்
உங்கள் கோப்புகளைப் பதினேழு முறை தொட்டிருக்கிறது.
கடைசியாக அதிகாலை மூன்று பன்னிரண்டு.

அந்நேரம் நான் தூக்கத்தில்.
போன் சமையலறையில், சர்க்கரை டப்பாவின் மேல்.

எதையெல்லாம் என்று அதில் எழுதவில்லை.
அடையாள அட்டையின் இரு பக்கம் இருக்கிறது.
சால்மன் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்திய கடிதம்.
என் முதுகு மச்சத்தின் படம்,
மருத்துவமனைத் தாதிக்குக் காட்ட
கண்ணாடிக்கு முன் திரும்பி நின்று
ஒன்பது தடவை எடுத்தது.
எட்டை அழிக்க மறந்திருக்கிறேன்.

அப்புறம் நிவால்தோவின் குரல்.
நாற்பத்தேழு நொடி.
முக்குளிக்கப் போன காலை ஆறு ஐம்பதுக்கு அனுப்பியது.
படகு திரும்பியது.

மூன்று வருடமாக நான் அதைத் திறக்கவில்லை.
கேட்காத குரலுக்குப் பக்கத்தில்
ஒலிவாங்கி சாம்பல் நிறத்தில் இருக்கும்,
கேட்டால் நீலமாகும்.
இன்னும் சாம்பல்தான்.
ஆனால் திருடன் கதவைத் தட்டிவிட்டா வருகிறான்?

ஏதாவது காணாமல் போயிருக்கிறதா, என்றார் ரெமிஹியோ.
இல்லை, எல்லாம் அங்கேயே இருக்கிறது என்றேன்.
பிறகு ஏன் அழுகிறீர்கள் என்று
கேட்காத அளவுக்கு நல்ல மனிதர்.

யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.
எங்கோ ஓர் இயந்திரம் எண்ணியிருக்கும்:
ஆண் குரல், பின்னணியில் மோட்டார், காற்று.
போன வாரம் எனக்கு நீர்மூழ்கி உடை விளம்பரம் வந்தது.
இந்த ஊரில் எல்லோருக்கும் வருவதுதான்.
இருந்தாலும்
கடல் எப்போது வற்றும் என்று சொல்ல
என் தம்பி எதற்கு?

நண்டை அங்கேயே அழித்தேன்.
உறையில்லாமல், விரலால்.

மறுநாள் கணக்குத் தப்பியது.
இருட்டில் போய் நின்றால்
கடல் கால்வரை நிறைந்து கிடக்கிறது.
கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்தேன்.
ஒரு மணி நேரமோ, இரண்டோ.
செய்வதற்கு வேறெதுவும் இல்லை.
எனக்கு முன்னால் இன்னொருவர் கேட்டிருக்கக்கூடும்
என்பதை என்னால் தாங்க முடியவில்லை,
அதுதான் உண்மை,
துணிச்சல் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

முதல் முப்பது நொடி காற்று மட்டும்.
யாரையோ பார்த்துச் சிரிக்கிறான்.
பிறகு என்னிடம்:
நெல்டா, இன்றைக்குக் கடல்
எத்தனை மணிக்கு வற்றும்,
தாளைப் பார்த்துச் சொல்.

ஒலிவாங்கி நீலமானது.

அந்த நண்டுக்குத் தெரிந்திருக்கும்
அன்றைய நேரம்.
நான் வாளியை எடுத்துக்கொண்டு
இன்னும் விலகாத தண்ணீரைப் பார்த்து
ஏழு இருபது இருக்கலாம் என்றேன்,
சத்தமாக.